என் மகளின் காருக்கு அடியில் யாரேனும் ஒருவர் குனிந்து பார்க்க வேண்டி

அனுப்புநர்:
வெர்னன் ஹியூப்னர்,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
மாவட்டச் சாலை 9,
எம்ரிக் அஞ்சல்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
சேத வண்டிகள் ஆய்வு மற்றும் உரிமைச் சான்றுப் பிரிவு,
மாநில மோட்டார் வாகனத் துறை,
தலைநகர்.

பொருள்: ஆய்வுத் திடலில் பிடித்து வைக்கப்பட்டுள்ள என் மகள் டெலனி ஹியூப்னரின் சிவப்புக் காருக்கு "உதிரிபாகங்களுக்கு மட்டும்" என முத்திரையிடுவதை நிறுத்தி வைத்து, அதன் அடிப்பாகத்தையும் வெல்டிங்கையும் விவரம் தெரிந்த அலுவலர் ஒருவர் நேரில் பார்த்து முடிவு சொல்லக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்திலிருந்து செப்டம்பரில் வந்த அறிவிப்பு.

மதிப்புக்குரிய அம்மையார் அவர்களுக்கு,

அரசாங்கத்துக்கு நான் எழுதும் முதல் மனு இது. உயர்நிலைப் பள்ளியோடு என் படிப்பு முடிந்துவிட்டது. அது என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பதில் வீட்டில் இரண்டு கருத்து உண்டு. இந்த மனுவை என் மனைவி ரோண்டா படித்துப் பார்த்து, தேவையில்லாதது என்று பாதியை அடித்தாள். இனி வரும் வரிகளில் தங்கள் பொறுமையைச் சோதிப்பவை ஏதேனும் இருந்தால், அவள் கடைக்குப் போன நேரத்தில் நான் திரும்பச் சேர்த்தவை என்று கொள்ள வேண்டுகிறேன்.

1. சென்ற ஜனவரியில், சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்பாளம் படிந்திருந்த ஒரு காலையில், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த டெலனியின் கார் ஓடைப் பாலத்துக்கு முன்னால் வழுக்கிப் பக்கவாட்டாகச் சுழன்று, பாலத்தின் கான்கிரீட் தூணில் மோதியது. அடி விழுந்தது இடதுபக்கம், அதாவது அவள் உட்கார்ந்திருந்த பக்கம். கதவு இரண்டும் உள்ளே மடிந்தன. காற்றுப்பை வெடித்து அவளைத் தாங்கிக்கொண்டது. தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று. அவளுக்கு வயது பத்தொன்பது. இந்த விஷயத்தை இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. ரோண்டாவும் இந்தப் பத்தியில் கை வைக்கவில்லை.

2. காப்பீட்டு நிறுவனத்தார் வந்து பார்த்தார்கள். பழுது பார்க்க ஆகும் செலவு காரின் மதிப்பை நெருங்குவதால் இது செத்த வண்டி என்றார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, ஆனாலும் கணக்கில் செத்துவிட்டது. நாங்கள் கொஞ்சம் பணத்தை விட்டுக்கொடுத்து வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். அதன் பேரில் பழைய உரிமைச் சான்று பறிக்கப்பட்டு, சேத வண்டிச் சான்று கொடுக்கப்பட்டது. சட்டப்படிதான் நடந்தது. அதில் எனக்கு மனக்குறை இல்லை.

3. அதைத் திருப்பி எடுக்கச் சொன்னவள் டெலனி. எனக்கு அந்தக் காரைக் கண்ணால் பார்க்கவே பிடிக்கவில்லை. தோளில் கட்டோடு வந்து கொட்டகையில் அதைச் சுற்றி நடந்தாள். "இதுதான்ப்பா என்னைக் காப்பாத்துச்சு. இத நான் சரி பண்ணுவேன்" என்றாள். பள்ளியில் தொழிற்பிரிவில் இரண்டு வருடம் வெல்டிங் படித்தவள் அவள். ஆனாலும் விபத்துக்குப் பிறகு அவள் எந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையிலும் உட்காரவில்லை. வேலைக்கு ரோண்டா கொண்டுபோய் விடுகிறாள், கூட்டி வருகிறாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால்கூடப் பாலம் வந்ததும் டெலனி பேச்சை நிறுத்திவிடுவாள். ஆகவே கார் பழுது பார்ப்பது என்று நாங்கள் சொல்லிக்கொண்ட வேலை காரைப் பற்றியது மட்டும் அல்ல என்பது தங்களுக்கு விளங்கும்.

4. எலும்பு கூடியதும் வேலையை ஆரம்பித்தோம். "ஆரம்பித்தோம்" என்று நான் சொல்வது மரியாதைக்கு. கதவுகளுக்கு நடுவில் நிற்கும் தூணின் கீழ்ப்பகுதியையும், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் இரும்புப் பட்டையையும் வெட்டி எடுத்து, புதிய இரும்பு வைத்துப் பற்றவைத்தவள் அவள். நான் விளக்குப் பிடித்தேன். அதையும் சரியாகப் பிடிக்கவில்லை. "அப்பா, ஒண்ணு வெளிச்சத்த ஆட்டாம புடி, இல்லாட்டி போய் அம்மாவுக்கு உருளக்கிழங்கு உரி" என்று அவள் சொன்னதைத் தங்கள் பதிவுக்காகத் தெரிவிக்கிறேன். பிறகு பட்டி போடுவது, தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது ஆகிய வேலைகள் மட்டும் என்னிடம் தரப்பட்டன. என்னால் வண்டியைக் கெடுக்க முடியாத வேலைகள் அவைதான் என்று அவள் கணித்தாள். அந்தக் கணிப்பு தவறிய இடத்துக்கு இப்போது வருகிறேன்.

5. இடது முன்கதவை மாவட்ட எல்லையில் உள்ள காயலான் கடையில் வாங்கினோம். ஒரு நீலக் காரிலிருந்து கழற்றிய கதவு அது. ரசீதில் அந்த நீலக் காரின் சேஸ் நம்பரைக் கடைக்காரர் சட்டப்படி எழுதிக் கொடுத்தார். அதே நம்பர் அச்சிட்ட சிறிய ஒட்டுச்சீட்டு ஒன்று கதவின் ஓரத்தில், பூட்டுக்குக் கீழே இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றாலும் போய் வாங்குவோம். வாங்கி வந்ததும் முதல் வேலையாக முந்தையவர் ஒட்டிய விலைச்சீட்டையும் பெயர்ச்சீட்டையும் சுரண்டித் துடைத்த பிறகுதான் வீட்டுக்குள் எடுப்போம். அப்படிச் செய்யாவிட்டால் அது இன்னும் அடுத்தவர் சாமான் என்பது எங்கள் எண்ணம். கதவுக்குச் சிவப்பு அடிக்கும் முன் ரோண்டாவின் முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, சவர பிளேடால் அந்தச் சீட்டை ஒரு கீறல் விழாமல் உரித்து எடுத்தேன். ஒரே வண்டியில் இரண்டு நம்பர் இருந்தால் ஆய்வு செய்ய வருபவர் குழம்பிப்போவாரே என்றும் நினைத்தேன். அதாவது, தங்கள் துறைக்கு உதவி செய்வதாக நினைத்தேன்.

6. டெலனி வேலையிலிருந்து வந்து கதவைப் பார்த்தாள். இங்கிருந்த சீட்டு எங்கே என்று கேட்டாள். சுத்தமாக எடுத்துவிட்டேன் என்று பாராட்டை எதிர்பார்த்துச் சொன்னேன். அவள் கவிழ்த்து வைத்திருந்த பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்துவிட்டாள். ரசீதில் உள்ள நம்பரும் கதவில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்துத்தான் இது திருட்டுக் கதவு இல்லை என்று முடிவு செய்வார்கள், அதற்காகவே அது அங்கே இருக்கிறது, அதை உரிப்பதே குற்றம் என்று விளக்கினாள். திரும்ப ஒட்டிவிடலாமே என்றேன். அது அதைவிடப் பெரிய குற்றம் என்றாள். இருவருமாகத் தேடியதில் சீட்டின் பாதி என் பூட்ஸ் அடியில் ஒட்டிக்கொண்டு மளிகைக்கடை வரை போய் வந்திருப்பது தெரிந்தது. மறு பாதி கிடைக்கவில்லை. கிடைத்த பாதியில் நம்பரின் கடைசி எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. அவை ரசீதோடு பொருந்துகின்றன. அதை ரொட்டி சுற்றும் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தோம்.

7. சேத வண்டியைச் சாலையில் ஓட்டக்கூடாது என்பதால் ஆய்வுக்கு டிரெய்லரில் ஏற்றிச் சென்றோம். டிரெய்லர் என் மைத்துனர் பன்றி ஏற்றுவது. கழுவித்தான் கொடுத்தார். ஆனாலும் வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஆய்வு செய்தவர் கார்ப்பரல் ஆல்ட்ரிச் என்ற காவல் அலுவலர். இந்த மனுவில் எந்த வரியும் அவர் மீது புகார் அல்ல என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள நம்பரைப் பார்த்தார், சரியாக இருந்தது. காற்றுப்பை, விளக்கு, பின்கதவு என ஒவ்வொன்றின் ரசீதையும் பார்த்தார், சரியாக இருந்தன. முன்கதவைத் திறந்து, சீட்டு எங்கே என்று கேட்டார். டெலனி வாய் திறக்கும் முன்பே நான் பிளாஸ்டிக் பையை நீட்டி, முடி உலர்த்தும் கருவி உட்பட முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், வாங்கும்போதே சீட்டு இல்லன்னு சொல்லியிருந்தீங்கன்னா ரசீத வச்சு முடிச்சிருப்பேன். நானே உரிச்சேன்னு சொல்லிட்டீங்க. காதால கேட்டத நான் எழுதாம விட முடியாது."

வருத்தப்பட்டுத்தான் சொன்னார். எழுதினார். அடையாள எண் சிதைக்கப்பட்ட வண்டி என்று காரில் முத்திரை ஒட்டினார்.

8. நான் உண்மையைச் சொன்னதற்குப் பரிசு கேட்கவில்லை. பொய் சொல்ல எனக்கு வராது, அவ்வளவே. முயன்ற சில சந்தர்ப்பங்களில் ரோண்டா என் காது சிவப்பதைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள். நம்பரைப் பார்க்கும் சட்டம் ஏன் வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. திருடிய வண்டியைக் கூறுபோட்டுச் சேத வண்டியில் மாட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க அந்தச் சீட்டு வேண்டும். அதை நான் உரித்தது என் மடத்தனம். அதற்கான தண்டத்தை என் பேரில் விதிக்க வேண்டுகிறேன். நான் மனு செய்வது அதைப் பற்றி அல்ல.

9. வண்டியை முத்திரையிட்டு ஓரமாக நிறுத்தியபோது டெலனி கார்ப்பரலிடம் போனாள். காரைத் திருப்பிக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"சீட்டு விஷயம் இருக்கட்டும் சார். கொஞ்சம் கீழ படுத்து அந்த வெல்டிங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்."

"அது எங்க வேலையில்லம்மா. நம்பர், ரசீது, லைட், ஹாரன். அவ்வளவுதான்."

"அப்ப யாரு வேலை?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "உள்ளதச் சொன்னா, யாரு வேலையும் இல்ல" என்றார்.

அம்மையார் அவர்களே, இந்த மனு அந்த ஒரு பதிலிலிருந்து பிறந்தது.

10. அதன் பிறகு தங்கள் துறையின் விதிகளை டெலனி எனக்கு வாசித்துக் காட்டினாள். சில வாக்கியங்களின் ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் நடுவில் எனக்குப் பசி வந்துவிட்டது. ஆனாலும் விளங்கியவரை சொல்கிறேன். நான் அந்தச் சீட்டை உரிக்காமல் இருந்திருந்தால் கார் அன்றே தேறியிருக்கும். "சீரமைக்கப்பட்டது, மாநில ஆய்வு முடிந்தது" என்று அச்சிட்ட சான்று கைக்கு வந்திருக்கும். அந்தத் தூணைப் பற்றவைப்பதற்குப் பதிலாக அவள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்துப் பட்டி பூசியிருந்தாலும் அதே சான்றுதான். அன்று வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற வண்டியின் அடியிலிருந்து புதிதாய்ப் பூசிய தார் வாடை வந்தது. துருவை மறைக்க எங்கள் பக்கத்தில் செய்யும் வேலை அது. அது என்ன வண்டி, என்ன நிறம் என்று எழுத மாட்டேன், கொண்டு வந்தவர் எங்கள் ஊர்க்காரர். ரசீதெல்லாம் சரியாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். நாளை அதை வாங்கப்போகிறவர் சான்றில் "ஆய்வு முடிந்தது" என்பதைப் படித்துவிட்டு, மாநிலமே அடியில் படுத்துப் பார்த்ததாக நம்பித் தன் பிள்ளையைப் பின்னிருக்கையில் உட்காரவைப்பார். அதே சான்றைப் படித்திருந்தால் நானும் நம்பியிருப்பேன். அந்தச் சொல்லைப் படிக்கும் எவரும் அப்படித்தான் நம்புவார்.

11. குனிந்து பார்க்கத் தெரிந்த ஆட்கள் அரசாங்கத்திடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. நான் ஓட்டும் பள்ளிப் பேருந்துக்கு ஒவ்வொரு கோடையிலும் மாநில ஆய்வாளர் ஒருவர் வருகிறார். சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து அடியில் நுழைகிறார். சிறிய சுத்தியலால் இரும்பைத் தட்டித் தட்டிச் சத்தத்தைக் கேட்கிறார். ஒரு வருடம் அடியிலிருந்தபடியே என்னிடம், "வெர்ன், இங்க ஒரு பூனை குட்டி போட்டிருக்கு, இதயும் குறைன்னு எழுதவா?" என்று கேட்டார். அந்த அளவுக்குப் பார்க்கிறார். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்தவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நிம்மதியாகப் புறப்படுகிறேன். என் பிள்ளையின் காருக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை.

12. தனியார் பட்டறைகளில் கேட்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் பக்கத்தில் உள்ள இரண்டு பட்டறையிலும் கேட்டோம். அடுத்தவர் வைத்த வெல்டிங்குக்கு எங்களால் எழுதிக் கொடுக்க முடியாது, நாளை ஏதாவது என்றால் வழக்கு எங்கள் தலையில் விழும் என்றார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

13. காலி டிரெய்லரோடு வீடு திரும்பும் வழியில் நான் டெலனியைத் தேற்றப் பார்த்தேன். வெல்டிங் அருமையாக இருக்கிறது, நான் பார்த்தேனே, யானை ஏறி நின்றாலும் அசையாது என்றேன். பாலத்தைத் தாண்டினோம். பிறகு சொன்னாள்.

"நீ சொல்லுவப்பா. நான் செஞ்ச கருகின மக்ரோனியவே ரெண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டுட்டு நல்லாருக்குன்னு சொன்ன ஆளு நீ. எனக்கு என் அப்பா இல்லாத ஒருத்தர் பாத்துச் சொல்லணும். நல்லா இருக்குன்னாலும் சரி, விளங்காதுன்னாலும் சரி. அது தெரியாம நான் மறுபடி எதையும் ஓட்ட மாட்டேன்."

அந்த மக்ரோனி உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் இந்த விஷயத்தில் என் சாட்சி செல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காரை நசுக்கிவிட்டால் எனக்குச் சில மாத உழைப்பும் கொஞ்சம் சிவப்பு பெயின்ட்டும்தான் நட்டம். அவளுக்கோ, தான் செய்தது தாங்கியதா இல்லையா என்பது கடைசிவரை தெரியாமலேயே போய்விடும். தாங்கியிருக்காது என்றுதான் அவள் நினைத்துக்கொள்வாள், அவள் குணம் எனக்குத் தெரியும்.

14. ஆகவே அம்மையார் அவர்களைக் கேட்டுக்கொள்வது:

(அ) தங்கள் அறிவிப்பின்படி இம்மாத இறுதியில் காருக்கு "உதிரிபாகங்களுக்கு மட்டும்" என்று முத்திரையிட்டு நசுக்க அனுப்புவதை, இந்த மனு முடிவாகும் வரை நிறுத்தி வைக்க வேண்டும்.

(ஆ) சீட்டை உரித்த குற்றம் என்னுடையது. கார் டெலனியின் பெயரில் உள்ளது. பாதிச் சீட்டையும், ரசீதையும், கதவைக் கொடுத்த கடைக்காரரின் கடிதத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். கதவு திருட்டுக் கதவு அல்ல என்பதை அவற்றைக் கொண்டு முடிவு செய்யலாம். தண்டத்தை எனக்கு விதிக்கவும்.

(இ) பள்ளிப் பேருந்துகளைப் பார்க்கும் ஆய்வாளர்களில் ஒருவரையோ, அவர்களைப் போல் விவரம் தெரிந்த வேறொருவரையோ அனுப்பி, அந்தத் தூணையும் பட்டையையும் அடியில் படுத்துப் பார்க்கச் செய்ய வேண்டும். பூசிய பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்க வேண்டுமானால் சுரண்டட்டும். வெல்டிங்கை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றால் வெட்டட்டும், டெலனி சம்மதித்துக் கையெழுத்திட்ட கடிதமும் உள்ளே இருக்கிறது. தேறவில்லை என்றால் காரை நசுக்கிவிடுங்கள், நாங்கள் மறுபடி மனுவோடு வர மாட்டோம். தேறினால் சான்று கொடுங்கள்.

(ஈ) எங்கள் கார் எப்படிப் போனாலும், இனிமேல் கொடுக்கும் சான்றுகளில் "ஆய்வு முடிந்தது" என்பதற்குப் பதிலாக, எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று யோசிக்க வேண்டும். காசு செலவில்லாத வேலை என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியாத காரணம் இருந்தால் மன்னிக்கவும்.

15. மேலே சொன்னவற்றில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், மூன்றாவதைச் செய்யுங்கள். அந்த அலுவலர் வரும் நாளில் டெலனி மட்டும் திடலுக்கு வருவாள், ரோண்டா கொண்டுவந்து விடுவாள். நான் வேண்டுமென்றே வர மாட்டேன். நான் பக்கத்தில் நின்றால் என் முகத்தைப் பார்த்து அவர் இரண்டு வார்த்தை நயமாகச் சொல்லிவிடக்கூடும். அப்படி எதுவும் வேண்டாம். அவர் அடியிலிருந்து எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளது உள்ளபடி அவளிடமே சொல்லட்டும். அவளைப் பெறாத ஒருவர் சொன்னால்தான் அவள் நம்புவாள்.

தங்கள் பதிலை எதிர்நோக்கி,

இடம்: எம்ரிக்
நாள்: அக்டோபர் 6

(ஒப்பம்)
வெர்னன் ஹியூப்னர்
டெலனியின் தந்தை

இணைப்பு: பாதிச் சீட்டு (பிளாஸ்டிக் பையில்), கதவின் ரசீது, கடைக்காரர் கடிதம், டெலனி ஹியூப்னரின் சம்மதக் கடிதம்.